அக்கா இறங்கிய தண்ணீர்

குளக்கட்டு வளைகிற இடத்தில், அலை அரிக்காமல் இருக்க அடுக்கிய கருங்கற்களின் மேல் ஒரு சோடி நீலச் செருப்பு இருந்தது. பக்கத்தில் அழகாக மடித்த துவாய். காற்றுக்குப் பறந்துவிடாமல் துவாயின் மேல் ஒரு சின்னக் கல்லும் வைக்கப்பட்டிருந்தது. அதற்கப்பால் தண்ணீர்தான். வாடைக்காற்றில் அலை எழும்பிக் கற்களில் மோதியது. தூரத்தில் பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேல் தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. ஆள் ஒருவரும் இல்லை. பொங்கலுக்கு அக்காவின் மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்த செருப்பு அது. எனக்குப் பின்னால் அக்கா வந்துகொண்டிருந்தார். அவர் செருப்பைப் பார்ப்பதற்கு முன் அதை எடுத்து முந்தானைக்குள் ஒளிக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர என்னால் குனிய முடியவில்லை.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் பாதையில், அந்தப் பெரிய குளத்தின் கீழ் எங்களுக்கு வயல். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி எடுத்த காணி. அப்பாவுக்குப் பிறகு அத்தான் செய்தார். அத்தானுக்குப் பிறகு அக்கா செய்கிறார். விதைப்பு, களையெடுப்பு, வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருப்பது, பன்றிக்கும் யானைக்கும் காவல் இருப்பது எல்லாம் அவர்தான். அதிகம் கதைக்கமாட்டார். மகளிடம் மட்டும் ஒரு வசனத்தை ஓயாமல் சொல்வார். "கிணத்தடிக்குப் போறதெண்டாலும் சொல்லிப்போட்டுப் போ பிள்ளை." பிள்ளை சின்ன வயதிலிருந்தே அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போவாள். வாசலைத் தாண்டும்போது "அம்மா, படலையடிக்குப் போறன்" என்பாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு வராது.

கடைசிச் சண்டையில் ஊர் ஊராக ஓடி முள்ளிவாய்க்காலில் போய் முட்டினோம். அங்கே பங்கர் வாசலில் செல் விழுந்து அத்தான் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு விடியப்புறம், சனத்தோடு சனமாக நந்திக்கடல் நீரேரியில் இறங்கினோம். நாலு வயது மகளை நான் தோளில் ஏற்றிக்கொண்டேன். மூன்று வயது மகனை அக்கா நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தார். தண்ணீர் முதலில் இடுப்புக்கு வந்தது. பிறகு கழுத்துக்கு வந்தது. பின்னால் இருந்து சனம் தள்ளிக்கொண்டே வந்தது. யாரோ நிலை தடுமாறி அக்காவின் முதுகில் விழுந்தார்கள். அக்கா தண்ணீருக்குள் போய் மேலே வந்தபோது கை இரண்டும் வெறுமையாக இருந்தன. அவர் கத்தவில்லை. நின்ற இடத்திலேயே காலால் துழாவத் தொடங்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார், வந்தார், திரும்பவும் போனார். சனம் எங்களை இழுத்துக்கொண்டு போனது. ஒரு கையால் பிள்ளையின் கால்களையும் மற்றக் கையால் அக்காவின் சட்டையையும் பிடித்தபடி நான் நடந்தேன். அப்படித்தான் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தோம்.

செட்டிகுளத்து முகாமில் இருந்தபோதும், பிறகு திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்டபோதும், வீடு கட்டிக் குடிபுகுந்தபோதும் அக்கா அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெயரைச் சொல்லவில்லை. படம் ஒன்றும் எங்களிடம் மிஞ்சவில்லை. அழுததையும் நான் காணவில்லை. வீட்டில் அவன் பேச்சை நாங்கள் யாரும் எடுப்பதில்லை. பிள்ளையும் எடுப்பதில்லை. தனக்கு ஒரு தம்பி இருந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. அக்கா கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிப்பார். வயலுக்குள் முழங்கால் சேற்றில் நிற்பார். ஆனால் எங்கள் வயலுக்குத் தண்ணீர் தந்த குளத்தின் கட்டில் அவர் ஏறியதே இல்லை. பதினைந்து வருடம் அந்தக் கட்டின் கீழேயே நடந்து போய் வந்தார்.

எனக்கோ குளம் என்றால் உயிர். மாரி முடிந்து குளம் நிறைந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வான்களிலும் பஸ்களிலும் ஆட்கள் வருவார்கள். மருத மரங்களுக்குக் கீழே கல் வைத்து அடுப்பு மூட்டிக் கோழி காய்ச்சுவார்கள். பாட்டுப் பெட்டிகள் ஒன்றை ஒன்று வெல்லப் பார்க்கும். இளம் பெடியன்கள் தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள். பெண்கள் சட்டையோடு இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஊர்க்கதை கதைப்பார்கள். ஐஸ்கிறீம் விற்பவர் மோட்டார் சைக்கிளில் ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு கட்டில் மேலும் கீழும் ஓடுவார். நானும் கணவரும் அடிக்கடி போவோம். தண்ணீரில் மல்லாந்து கிடக்கும்போது காதுக்குள் ஒரு சத்தமும் வராது. அந்த அமைதிக்காகவே போவேன். திரும்பி வரும்போது அக்காவின் வாசலால் போகாமல், ஈரத் தலையோடு அவர் கண்ணில் படாமல், பின்வழியால் வீட்டுக்குப் போவேன்.

அந்த ஞாயிறு அக்கா வந்தது பிள்ளையின் ஆசைக்காக. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். இரண்டு வருடம் தலை நிமிராமல் படித்தவள். நெல் முற்றிக்கொண்டிருந்தது. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால் வயலிலும் வேலை இல்லை. "ஒருக்கா வாங்கோ அம்மா. நீங்கள் தண்ணியில இறங்க வேண்டாம். கட்டில இருந்து பார்த்தாப் போதும்" என்று கிழமை முழுக்கக் கெஞ்சினாள். ஞாயிறு காலையில் பார்த்தால் அக்கா குசினியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு நிற்கிறார். என் கணவரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் பாய் விரித்து உட்கார்ந்து போனோம். கட்டில் ஏறியதும் அக்கா தண்ணீரைப் பார்க்கவில்லை. மருத மரத்தடியில் குளத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கொண்டார். பிள்ளை தாயின் தோளில் நாடியை வைத்து, "அம்மா, கட்டால நடந்திட்டு வாறன்" என்றாள். அக்கா தலையை ஆட்டினார். சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சாப்பாட்டு நேரம் வந்தும் அவள் வரவில்லை. முதலில் நான் தேடிப் போனேன். அக்கா என் பின்னால் வந்தார். வளைவில் செருப்பைக் கண்டோம்.

அக்கா செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கற்களில் இறங்கினார். பாசியில் வழுக்கி விழுந்து, எழுந்து, சேலையோடு தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. நான் கத்தினேன். என் கணவர் ஓடி வந்தார். துருசடியில் குதித்துக்கொண்டிருந்த பெடியன்களும் ஓடி வந்தார்கள். கழுத்தளவில் அக்கா நின்றார். கரையில் நின்ற எனக்கு அவரின் தலை மட்டும்தான் தெரிந்தது. அது மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்தது, பிறகு மறுபக்கமாக நகர்ந்தது. அவர் என்ன செய்கிறார் என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் விளங்கியது. காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. பெடியன்கள் வரிசையாகக் கை கோத்து மூழ்கினார்கள். குளத்தில் மீன் பிடிக்கிறவர்கள் தோணிகளைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் நீளக் கம்பால் குத்திப் பார்த்தார். பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. அடுப்புகளை விட்டுவிட்டு ஆட்கள் கட்டில் வரிசையாக வந்து நின்றார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிலர் புறப்பட்டுப் போனார்கள். "முதலை இருக்குது, அந்த அம்மாவை மேல எடுங்கோ" என்று யாரோ சொன்னார்கள். என் கணவர் நீந்திப் போய் அக்காவின் கையைப் பிடித்தார்.

"அக்கா, நீங்கள் வாங்கோ. நாங்கள் தேடுறம்."

"விடு தம்பி" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அடுப்படியில் யாரோ குறுக்கே நின்றால் விலகச் சொல்வதுபோலச் சொன்னார். கையை உதறவும் இல்லை. என் கணவர் விடும்வரை பொறுத்து நின்றுவிட்டுத் திரும்பவும் நகர்ந்தார். அதற்குப் பிறகு ஒரு வயதான மீன்பிடிகாரர் தன் தோணியை அக்காவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். அக்கா நகர்ந்த பக்கமெல்லாம் தோணியும் நகர்ந்தது.

நான் கரையில் இருந்து கடவுளோடு பேரம் பேசினேன். பிள்ளையைத் தா, வேறு என்ன வேண்டுமானாலும் எடு என்றேன். கொடுக்க எங்களிடம் இனி என்ன இருக்கிறது என்றும் அப்போதே தோன்றியது. பிறகு பேரமும் போய்விட்டது. உடம்பாவது கிடைக்கட்டும் என்று கேட்கத் தொடங்கினேன். அக்காவுக்கு இந்த முறை ஒரு உடம்பாவது கிடைக்கட்டும். அப்படிக் கேட்டேன் என்று எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. ஆனால் அந்தப் பின்னேரம் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை வேறு இருக்கவில்லை. மரத்தடியில் அவிழ்க்காமல் இருந்த புளிச்சோற்றுப் பொதியைக் காகங்கள் பிய்த்துக்கொண்டிருந்தன. ஒருவரும் விரட்டவில்லை.

வெயில் சாய்ந்து காட்டின் நிழல் தண்ணீரில் விழத் தொடங்கிய நேரம், கட்டின் மறுமுனையில் ஒரு உருவம் தெரிந்தது. நொண்டி நொண்டி வந்தது. கால்கள் முழுக்கச் சேறு, சட்டையில் முட்கிழிசல். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அவள்தான் என்று என் கண் சொன்னது, மனம் ஒத்துக்கொள்ளவில்லை. கிட்ட வந்து "சித்தி, ஏன் இவ்வளவு சனம்?" என்று கேட்டபோதுதான் அவளைப் பிடித்தேன். பிடித்துவிட்டு அடித்தேனா கட்டிக்கொண்டேனா என்று எனக்குத் தெரியாது.

அவளுக்கு நீந்தத் தெரியும். அது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வகுப்புத் தோழியின் ஊரில், முதலில் வாய்க்காலிலும் பிறகு சின்னக் குளமொன்றிலும் பழகியிருக்கிறாள். பட்ட மரங்கள்வரை போய்த் திரும்புவோம் என்று இறங்கியவள் அங்கிருந்து எதிர்க்கரை கிட்டவாகத் தெரிய அதற்கே போய்விட்டாள். திரும்பும்போது காற்று மாறி அலை முகத்தில் அடித்தது. நீந்திவர முடியாது என்று தெரிந்ததும் காட்டோர அலைகரையைச் சுற்றி நடந்து வர யோசித்திருக்கிறாள். பாதி வழியில் யானைகள் குட்டியோடு தண்ணீருக்கு இறங்கி நின்றன. ஒரு பாலை மரத்தில் ஏறி, அவை போகும்வரை இருந்திருக்கிறாள். இதையெல்லாம் அவள் பிறகுதான் சொன்னாள். அந்த நேரம் சொல்ல விடவில்லை. "கொம்மா" என்று மட்டும் சொல்லித் தண்ணீரைக் காட்டினேன்.

பிள்ளை கற்களின் விளிம்புக்கு ஓடினாள். "அம்மா. அம்மா, நான் இஞ்ச நிக்கிறன்."

அக்கா திரும்பினார். மகளைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். அடையாளம் தெரியாத பார்வை இல்லை அது. நீரில் ஊறி அவருடைய உதடுகள் வெளிறியிருந்தன. கட்டில் நின்ற சனம் பெருமூச்சு விட்டது. யாரோ அழுதார்கள். தோணிக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். அக்கா சொன்னார்:

"நீ சித்தியோட நில்லு பிள்ளை. தம்பியை எடுத்துக்கொண்டு வாறன். இஞ்சதான் எங்கேயோ நிக்கிறான். இப்பவும் காலில பட்டவன்."

சொல்லிவிட்டுத் திரும்பவும் துழாவத் தொடங்கினார்.

அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் எங்களைப் போல அந்தக் கடலைக் கடந்தவர்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்தார்கள். என் கணவர் "தூக்கிக்கொண்டு வருவம்" என்று மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். பிள்ளை அவரை மறித்தாள். "வேண்டாம் சித்தப்பா" என்றாள். சேற்றுக் காலோடு தானே இறங்கினாள். தாயிடம் போனாள். அவரின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, பக்கத்தில் நின்றாள்.

"நானும் தேடுறன் அம்மா. நீங்கள் அந்தப் பக்கம் பாருங்கோ. நான் இந்தப் பக்கம் பாக்கிறன்."

அவள் மூழ்கினாள். நிஜமாகவே தேடினாள். கையில் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்து, "இஞ்ச இல்லை அம்மா" என்றாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்து மூழ்கினாள். "இஞ்சயும் இல்லை." அக்கா ஒவ்வொரு முறையும் அவள் வெளியே வரும்வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு தலைகளும் அந்தப் பெரிய தண்ணீரில் மெல்ல மெல்ல நகர்ந்தன. வானம் சிவந்து, தண்ணீர் சிவந்து, பிறகு சாம்பல் நிறமானது. நீர்க்காகங்கள் கூட்டமாக எழும்பிப் போயின. கடைசியில் பிள்ளை மேலே வந்து வாயைத் திறக்குமுன் அக்காவே சொன்னார்.

"காணேல்லை."

"ஓம் அம்மா. காணேல்லை."

அக்கா அவளின் தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். கற்களில் ஏற முடியாமல் இருந்தது. நாங்கள் தூக்கி ஏற்றினோம். உடம்பு குளத்துக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது.

அதோடு அக்கா தேறிவிட்டார் என்று எழுத ஆசைதான். தேறவில்லை. ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்தார். எழும்பிய பிறகு வயலுக்குப் போகவில்லை. அந்த முறை அறுவடையை நாங்கள்தான் பார்த்தோம். இருந்த இடத்திலேயே இருப்பார். சாப்பாட்டைக் கொடுத்தால் சாப்பிடுவார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார். பிள்ளை தன் பாயைத் தாயின் பாயோடு சேர்த்துப் போட்டுக்கொண்டாள். ஒரு பின்னேரம் கிணற்றடியில் தாய்க்குத் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"அவனை உனக்கு ஞாபகம் இருக்கே?"

பிள்ளை வாளியைக் கீழே வைத்தாள். "ஓம் அம்மா. தலையில தண்ணி வார்த்தா மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருப்பான். முகமெல்லாம் சிவந்துபோம்."

"ஓம்" என்றார் அக்கா. "ஓம். சிவந்துபோம்."

ஆவணி மாதம், நல்ல வெயில் காலம். ஒருநாள் காலையில் அக்கா வெளிக்கிட்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். "என்னை ஒருக்கா வட்டுவாகலுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கணவர் தெரிந்த ஒருவரின் ஓட்டோவைக் கேட்டு எடுத்து வந்தார். பிள்ளையும் கூட ஏறிக்கொண்டாள். முள்ளியவளை தாண்டி, முல்லைத்தீவு தாண்டி, பாலத்தடியில் இறங்கினோம். நந்திக்கடலைக் கடக்கும் அந்தப் பாலத்தால் நான் எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான் போவேன். அன்றைக்குத்தான் கண் திறந்து பார்த்தேன்.

நந்திக்கடல் வற்றிக் கிடந்தது. கரையிலிருந்து வெகுதூரம் வெடித்த சேறு. அதற்கப்பால் வெளிறிய தண்ணீர் அசையாமல் கிடந்தது. நடுவில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். நடுவில்தான், ஆனால் நடந்துகொண்டிருந்தார். நாரைகள் அவருக்குப் பக்கத்தில் நின்று மீன் பொறுக்கின. அக்கா கையை நெற்றியில் வைத்து அவரையே பார்த்தார். பிறகு கூப்பிட்டுக் கேட்டார்.

"தம்பி, ஆழம் எந்தப் பக்கம்?"

"இப்ப ஒரு பக்கமும் ஆழமில்லை அம்மா" என்றார் அந்த மனிதர். "கோடையில முழங்காலுக்கு மேல தண்ணி இராது. மழை பெய்து நிறைஞ்சாத்தான் கழுத்துக்கு வரும்."

அக்கா செருப்பைக் கழற்றினார். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். பிள்ளை கூடப் போனாள். நான் போகவில்லை, என்னால் முடியவில்லை. அக்கா நடந்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. இன்னும் நடந்தார். கெண்டைக்காலுக்கு வந்தது. அவர் வேகமாக நடக்கத் தொடங்கினார். ஆழத்தைத் தேடுகிறவர் போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறி நடந்தார். வலைகாரரைத் தாண்டியும் போய்விட்டார். சேலை நுனிகூட நனையவில்லை. கடைசியில் ஓரிடத்தில் நின்றார். குனிந்து தன் முழங்காலைச் சுற்றி நின்ற தண்ணீரைப் பார்த்தார். காற்றில்லாத வெளி. அவர் வாய்விட்டுச் சொன்னது கரையில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"இவ்வளவு தண்ணிதான் எண்டால், அவன் நடந்தே வந்திருப்பானே பிள்ளை."

பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முழங்கால் தண்ணீரில் நின்றாள். அக்கா அப்போதுதான் அழுதார்.